வீட்டுப் பாத்தி

எங்கள் பகல் இரவு ஒன்றரைக்கு ஆரம்பிக்கும்.
முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரம்
நாலு தடவை இருமிவிட்டுச் சுழலும்.
ஒரு பக்கம் மண்ணாய்க் கொட்டுவது
மறுபக்கம் வெளிச்சமாய் வந்து விழும்.
அந்த வெளிச்சத்தை அள்ளி மூட்டை கட்டுகிறவன் நான்.
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்கவேண்டும்.
எட்டு டன். சில நாள் பத்து.

நேயாவுக்கு ஆறு மாதம் முடிந்த திங்கட்கிழமை
அங்கன்வாடி ஜூலியட் டீச்சர் எடை போட்டுவிட்டுச் சொன்னார்:
"இனிமே பால் மட்டும் பத்தாது.
கேரட்டை நல்லா வேகவெச்சு மசிச்சுக் குடுங்க.
உப்பு வேணாம், சக்கரை வேணாம்.
உங்க வீட்ல கேரட்டுக்கா பஞ்சம்!"

புஷ்பலீலா என்னைப் பார்த்தாள்.
நான் என் நகங்களைப் பார்த்தேன்.
கழுவக் கழுவப் போகாத ஆரஞ்சு.

எந்தக் காட்டில் செவ்வாய்க்கிழமை என்ன அடித்தார்கள்,
காலி டப்பாவில் முக்கோணம் சிவப்பா மஞ்சளா,
அடித்து எத்தனை நாளில் பிடுங்கினார்கள்,
எல்லாம் தெரிந்த கை இது.
பேர் தெரியாத பிள்ளைகளுக்குக்
கூசாமல் அள்ளிப் போட்ட கை.

தோட்டக்காரர் போஜன் வீட்டுக்குப் பின்னால்
மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு பாத்தி.
அதில் மருந்து விழாது.
எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் அப்படி ஒன்று உண்டு,
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
நான் போய்க் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கொத்தோடு நின்றார்.
பிறகு குனிந்து நாலு கேரட் பிடுங்கினார்,
ஒன்று இரண்டு காலாய்ப் பிரிந்து,
ஒன்று சுண்டுவிரலாய் வளைந்து.
மண்டியில் தூக்கி எறிவார்கள்.
"எம்பொண்ணுக்கும் இதுலதான் குடுத்தோம்" என்றவர்
சொன்ன பிறகுதான் சொன்னதைக் கேட்டார்போல,
சட்டென்று மாட்டைப் பார்த்து அதட்டினார்.
அது சும்மாதான் நின்றிருந்தது.

எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அவசரம்.
சீக்கிரமே தளதளவென்று கொதிக்கும்,
ஆனால் எதையும் வேகவைக்காது.
குக்கர் கேஸ்கட்டை ஈரம்பண்ணி மாட்டி
ஆறு விசில் விட்டாள் புஷ்பலீலா.
மசிக்க மத்து வேண்டாம் என்று
டீ வடிகட்டியில் போட்டு ஸ்பூனால் தேய்த்தாள்.
மூன்று தரம் சுடுதண்ணீர் ஊற்றியும்
அதில் டீத்தூள் வாசம் லேசாக இருந்தது.
"மலைப் பிள்ளை, இருக்கட்டும்" என்றாள்.

முதல் ஸ்பூன்.
நேயா முகத்தைச் சுளித்தாள்,
பல்லில்லாத வாய்க்குள் ஏதோ யோசித்தாள்,
நாக்கால் அப்படியே வெளியே தள்ளினாள்.
தாடையில், கம்பளிச் சட்டையில், என் முட்டியில்.
இரண்டாவதும் அதே கதை.
மூன்றாவதில் பாதி உள்ளே போனது.
தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை
நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.
புஷ்பலீலா சிரித்தாள்.

அப்போதுதான் என் கட்டைவிரலைப் பிடித்து
வாய்க்குள் வைத்தாள் பிள்ளை.
அந்த நகத்தை.

உருவினேன். வேகமாக உருவிவிட்டேன்.
வீரிட்டு அழுதாள்.
"என்ன, என்ன ஆச்சு?" என்று புஷ்பலீலா பதறினாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
வெளிக் குழாயில் பனி கடித்தது.
துணி துவைக்கும் பிரஷ்ஷால்
தோல் எரியும்வரை தேய்த்தேன்.

அன்று இரவு முதல் லோடை
இரண்டு லோடு நேரத்துக்குச் சுழல விட்டேன்.
உள்ளே ஏறியது தண்ணீருக்குப் போகாது,
தெரியும்.
மேஸ்திரி தேவசகாயம் கத்தினார்:
"என்னடா, கொழந்தையா குளிப்பாட்டுற?
தண்ணிக்கு யாரு காசு குடுப்பா?"
பையன்கள் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

காலையில் வீட்டுக்கு வந்தால்
கிண்ணம் காலி, ஸ்பூன் கீழே,
நேயா காதுவரை ஆரஞ்சு.
"எல்லாம் தின்னுட்டா.
அடுத்த வாரம் உருளைக்கிழங்காம், டீச்சர் சொன்னாங்க"
என்றாள் புஷ்பலீலா.

போஜன் பாத்தியில் உருளை இல்லை.
யாரிடம் கேட்கலாம் என்று யோசித்தபடி
இன்னொரு தடவை கை கழுவப் போனேன்.