கன அடிக் கணக்கு

தக்கலையில் ஒரு தடி மில்லில் பில் எழுதுகிறேன்.
பதினோரு வருஷம்.
சுற்றளவை நாலால் வகுத்து
அதை அதாலேயே பெருக்கி
நீளத்தாலும் பெருக்கினால்
மரம் ஒரு எண்ணாகிவிடும்.
ஈட்டிக்கு ஒரு விலை, அயினிக்கு ஒரு விலை,
ரப்பர் தடி என்றால் முகம் சுளிக்கிற விலை.

இன்று சீட்டுப் பணம் பதினாறாயிரத்தோடு
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
கிட்டார் கடையில் நிற்கிறேன்.
தெரிந்தது மூன்று கார்டு.
எஃப் பிடிக்கப் போனால் விரல் அழும்.

'டிரெட்நாட் எடுங்க அக்கா, எல்லாரும் அதுதான்'
என்று ஷிஜின் மடியில் தூக்கி வைத்தான்.
கிட்டாரா, நெல் பத்தாயமா?
கையை அதன்மேல் வளைத்துக் கொண்டுபோக
என் தோள் காதுவரை ஏறுகிறது.
கீழ்ப்பக்க அகலம் பதினைந்தரை அங்குலம்.
கண்ணளவுதான், ஆனால் என் கண் பிசகாது.
தடித்த கம்பியை ஒரு தட்டு.
கடைக் கண்ணாடியெல்லாம் உம் என்றது.
நல்ல குரல், குற்றம் சொல்ல முடியாது,
கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை
சர்ச்சின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.
எனக்கோ, சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு கைக்குழந்தை
ஏழரைக்குத்தான் கண்ணயரும்.

'அப்போ இந்த ரோஸ்வுட் பாருங்க.'
சிறியது. முதுகில் ஈட்டி,
கறுப்புக் கோடு ஓடும் செம்பழுப்பு.
மீட்டினேன்.
போயிட்டு வாறேன் என்று எழுந்த பிறகும்
கேட்டைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருக்கும்
விருந்தாளி மாதிரி ஒரு சத்தம்.
ஆசை வந்துவிட்டது. அதனால்தான்
துளைக்குள் போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்.
வெளியே கோடு இடப்பக்கம் வளைகிறது.
உள்ளே அதே இடத்தில் கோடே இல்லை,
வெளுத்த ஏதோ ஒரு மரம்.
'தம்பி, இது ஈட்டி இல்லை.
ஈட்டிச் சட்டை போட்ட பிளைவுட்.'
சிரித்தான், மறுக்கவில்லை.
'ஒங்களுக்கு எங்ஙன தெரியும்?'
'அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.'

ஸ்புரூஸ் முகம் வைத்த ஒன்று,
கேள்வி முடியுமுன் பதில் சொல்லுகிற பிள்ளை.
சீடர் ஒன்று, நகம் பட்டாலே கலங்கியது.
இரண்டிலும் மனசு ஒட்டவில்லை,
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மேல் வரிசையில், தூசியோடு,
முகமும் மகாகனி. கான்சர்ட் அளவு.
இடுப்பு ஒடுங்கி
தொடையில் வழுக்காமல் உட்கார்ந்தது.
தோள் கீழே இறங்கியது.
இவ்வளவு நேரம் அது மேலே இருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.
ஜி. சி. டி.
விஷயத்தைச் சொல்லிவிட்டு
போனை வைத்துவிடுகிற ஆள்.

'பாஸ் கொஞ்சம் குறையும் அக்கா.'
'குறையட்டும்.'
'பின்பக்கம் இதுவும் பிளைதான்,' அவனாகவே சொன்னான்,
'முகம் மட்டும் ஒற்றைப் பலகை.'
இரண்டு பருவமழையும் வந்து நனைக்கிற ஊரில்
முதுகு பிளையாக இருப்பதும் நல்லதுதான்.
ஊதாது, வெடிக்காது.
எஃப் பிடித்துப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.
அதில் மரத்தின் மேல் தப்பில்லை.

பில்லில் 'கிட்டார் 1' என்று எழுதினான்.
'மரம் எழுது.'
'மரமா?'
'மரம் எழுதாத பில் நான் போட்டதே இல்லை.'
மகாகனியில் ஒரு காலை விட்டுவிட்டான்,
வாங்கித் திருத்தினேன்.
பெயர்?
லிற்றில் பிளவர்.
அதில் அவன் தப்பவில்லை,
இந்தப் பக்கம் தெருவுக்கு ஒருத்தி.

திங்கள் காலை
குலசேகரத்திலிருந்து ஒரு லோடு அயினி.
டேப்பைச் சுற்றி எடுத்து
அளவை எழுதப் போனவள்
என்ன தோன்றியதோ
பேனாவின் பின்பக்கத்தால்
தடியை ஒரு தட்டு தட்டி
காதை வைத்தேன்.

லோடு இறக்க வந்த சுயம்பு
தோளில் கயிற்றோடு நின்று பார்த்தான்.
'என்னக்கா,
உள்ள ஆளு உண்டுமா?'