துளைக்கோடு

இரவுப் பணியில் பதினொன்றுக்குப் பிறகு
எக்ஸ்ரே அறைப் பக்கம் யாரும் வருவதில்லை,
கானுக்குள் விழுந்து கை முறித்த குடிகாரன் ஒருவன்
வந்தாலொழிய.
அப்போதுதான் எடுப்பேன்.

நெஞ்சுக்கூடுகளைத் தொங்கவிடும் வெளிச்சப்பெட்டியில்
பழைய ஒரு ரூபாய்த் தாளை வைத்தால்
ஆறாம் ஜோர்ஜ் முதலில் மங்கிப்போவார்.
ராசா போனதும் மற்றதெல்லாம் தெரியவரும்:
நாலாய் மடித்ததில் வெளுத்த சிலுவை,
எந்தக் கடைக்காரனோ குத்திய குண்டூசியின் இரு துளை,
சோற்றுப் பசையால் ஒட்டிய கிழிசல்,
யாருடைய உள்ளங்கையோ விட்டுப்போன எண்ணெய்.
நிழல் விழுந்த நுரையீரலைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பேன்.
எத்தனை நாளாய் என்று கேட்டால்
தாளும் சரியாகச் சொல்லாது.

நுவரெலியாவில் காகிதம் வைத்திருப்பது
மழைக்குள் உப்பு விற்பது மாதிரி.
மூடுபனி சாவித்துவாரத்தால் வரும்.
ஜூனில் அலமாரியே வியர்க்கும்.
வெள்ளிப்பூச்சி ஆணையாளரின் கையொப்பத்தைத் தின்றுவிட்டு
படித்தவன் நடையில் போகும்.
அதனால்
மாத்திரைப் போத்தல்களுக்குள் வரும்
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்க்கிறேன்.
மருந்தகத்துப் புஷ்பலீலா எனக்கென்றே எடுத்து வைப்பாள்,
அவற்றை வைத்து ஏதோ ஊறுகாய் போடுகிறேன் என்று எண்ணி.
செலோடேப் ஒட்டியவனை நான் மன்னிப்பதில்லை.
இஸ்திரி போட்டவனையும்.

யுத்த காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடாம்,
சில்லறையைக் காகிதத்தில் அடித்தார்கள்.
ஐந்து சதத் தாள். குறுக்கே துளைக்கோடு,
தபால் முத்திரைக்குப் போல.
கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம்,
மறுபக்கம் மூன்று.

என்னிடம் இருப்பது இரண்டு.
விலைப்பட்ட பங்களா ஒன்றின் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால்
அது சாயாமல் இருக்க
மடித்துச் செருகியிருந்தது.
வாங்கியவருக்கு நேரம் மட்டும் போதுமாயிருந்தது.

மூன்று வெலிமடையில்,
ஹாட்வெயார் கடை மர்சூக்கிடம்.
ஆறு வருடம் நான் விலை கேட்டேன்.
ஆறு வருடம் அவரும் கேட்டார்.
தரமாட்டேன் என்றார், தரமாட்டேன் என்றேன்.
வேறு யாரோடும் எனக்கு இத்தனை ஒற்றுமை இருந்ததில்லை.

போன போயாவுக்குக் கடை பூட்டி
கடைசி பஸ்ஸில் வந்திறங்கினார்.
ஆணிப்பெட்டிக்குள் பிஸ்கட் தகரம்,
தகரத்துக்குள் உறை, உறைக்குள் உறை,
அதற்குள் பிஸ்மி சொல்லித் திறக்கும் மூன்று சதம்.

வெளிச்சத்தில் அருகருகே வைத்தோம்.
'மூச்சை இழுத்துப் பிடியுங்க, அசையாதீங்க' என்று
பகலெல்லாம் நான் பிறருக்குச் சொல்வது.
இருவரும் பிடித்திருந்தோம்.

பல்லுக்குப் பல் பொருந்தியது
ஏழு, எட்டு, ஒன்பது.
பத்தாவதில்
இரண்டு பக்கமும் நீண்ட நார்.
ஒரே தாளாய் இருந்திருந்தால்
ஒன்று நீள, மற்றது குறைந்திருக்க வேண்டும்.

மர்சூக் கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துப் போட்டு
மறுபடி பார்த்தார்.
மறுபடி துடைத்தார்.
'அப்ப இதுல அஞ்சு சதம் இல்ல, டாக்டர்.'
நான் டாக்டர் இல்லை என்று
எத்தனையோ தரம் சொல்லியாயிற்று.

இதன் மூன்றைக் கொடுத்து யாரோ
வெற்றிலை வாங்கியிருக்கலாம்.
அதன் இரண்டு
மழையில் நனைந்த சட்டைப்பையில்
களியாகியிருக்கலாம்.
நாங்கள் அதைப் பேசவில்லை.
பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றினேன்.
அவர் சீனி கேட்டார்.

கதவு தட்டப்பட்டது.
ராகலையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த தாய்,
தோளில் எச்சில் வடிய ஒரு பிள்ளை.
விளையாடும்போது காசை விழுங்கிவிட்டானாம்.
எவ்வளவு காசு?
அவளுக்குத் தெரியவில்லை.
பிள்ளைக்கும் தெரிந்திருக்காது.

சதங்களை எடுத்துவிட்டு
ஈரம் காயாத படத்தை அதே பெட்டியில் மாட்டினேன்.
விலாக்களுக்கு மேலே, தொண்டை இறங்கும் வழியில்
சுத்தமான வெள்ளை வட்டம்.
ராசா இல்லை, எழுத்தில்லை, ஓரத்தில் தேய்மானம்கூட இல்லை.
மருத்துவருக்கு ஆளனுப்பினேன்.
தாயிடம் பயப்பட வேண்டாம் என்றேன்.

கையில் தேநீரோடு மர்சூக்
படத்தை நெருங்கி, இன்னும் நெருங்கி,
பிள்ளைக்குக் கேட்காத குரலில்,
'வருஷம் தெரியுதா?'