கையசைத்தால் எரியாது

அறிவிப்புப் பலகை நான்கு மொழிகளில் சொல்கிறது.
ஒருவரும் படிப்பதில்லை.
மெரினா பே நடைபாதையில்
அறுபத்து நான்கு கண்ணாடிக் குழல்களுக்கு நடுவே வந்து நின்று
எல்லாரும் கையை அசைக்கிறார்கள்.

பக்கத்து மேடையில் துணித் திமிங்கலம்
தட்டினால் நீலமாகிறது.
அதற்கடுத்த ஊஞ்சல்
ஆட ஆட நிறம் மாறுகிறது.
அந்தப் பழக்கம்.
இது மட்டும் யார் சொல்லையும் கேட்காது.

ஒவ்வொரு குழலின் அடியிலும்
அஞ்சல்தலை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சில்லு,
கறுப்பு டேப் சுற்றி நான் ஒட்டியது.
பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில்
எங்கிருந்தோ வந்த துகளொன்று காற்றில் மோதிச் சிதற
அங்கே பிறக்கிறது மியூவான்.
விநாடியைப் பத்து லட்சமாக நறுக்கினால்
அதில் இரண்டு துண்டு அதன் ஆயுள்.
கணக்குப்படி
மேகத்தைத் தொடுமுன்பே செத்திருக்க வேண்டும்.
வேகம் அதன் கடிகாரத்தைத் தாமதப்படுத்த
இவ்வளவு தூரம் வந்து
குடையை, உச்சந்தலையை,
நீங்கள் குடித்துக்கொண்டிருக்கும் பண்டுங்கைத் துளைத்துச்
சில்லில் ஒரு பொட்டு ஒளி வைத்துவிட்டு
மண்ணுக்குள் போய்விடுகிறது.
குழல் அதைப் பெரிதாக்கிக் காட்டும்.
அவ்வளவுதான் கலை.

சராசரியாகப் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு முறை.
சராசரியை யாரும் நேரில் பார்த்ததில்லை.
சில குழல் அரை நிமிடம் மௌனம்,
பிறகு அடுத்தடுத்து மூன்று.
அந்த நேரம் பார்த்துக் கையசைத்த சிறுவன்
"நான்தான்! நான்தான்!" என்று குதிப்பான்.
நான் திருத்துவதில்லை.

வியாழக்கிழமை சுமத்ரா காற்று அடித்து
உணர்கருவிப் பெட்டிக்குள் தண்ணீர்.
மூடக்கூடாது, வார இறுதிக் கூட்டம் என்றார் ஜோலின்.
ஃபைரூஸ் தோளைக் குலுக்கினான்:
மடிக்கணினியை மாட்டு, எண்களைக் குலுக்கிப் போடு,
பதினொரு வரி நிரல்,
யாருக்குத் தெரியப்போகிறது?

யாருக்கும் தெரியவில்லை.
வெள்ளி, சனி இரண்டு இரவும்
அதே வெண்மை, அதே இடைவெளிகள்,
அதே கையசைப்புகள்.
கலைஞர் ஓங் ஷூ மின்கூட வந்து
கண்மூடி நின்றுவிட்டுப் போனார்.

சனி, பத்தே முக்காலுக்கு
மூலைக் குழலருகே இருவர்.
தமிழ்க் குரல் என்பதால் காது போய்விட்டது.
"மூணு எண்றதுக்குள்ள எரிஞ்சா
பி.டி.ஓ-வுக்குப் போட்ருவோம், மதங்கி."
"எரியலன்னா?"
அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை.
"ஒண்ணு" என்றான்.
"ரெண்டு" என்றாள் அவள், கொஞ்சம் மெதுவாக.

எரிந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நான் ஸ்பேனரும் கையுமாக
வேலிக்கு இந்தப் பக்கம்.
ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.
என்னவென்று?
அது மேலேயிருந்து வரவில்லை,
என்னுடைய ஏழாவது வரியிலிருந்து வந்தது என்றா?
மேலேயிருந்து வந்ததற்கு மட்டும்
உங்களைத் தெரியுமா என்றா?
வானத்தில் பிறந்த குருட்டுக்கும்
என் மடிக்கணினியில் பிறந்த குருட்டுக்கும்
ஒரு வீட்டு விண்ணப்பத்தில் என்ன வித்தியாசம் என்று
நானே இன்னும் முடிவு செய்யவில்லை.
அவர்கள் பாலத்தில் ஏறிவிட்டார்கள்.

ஞாயிறு மதியம் சில்லுகளைக் காயவைத்து,
புது டேப் சுற்றி,
நிரலை அழித்தேன்.
ஏழாவது வரியை மட்டும் அழிக்குமுன்
ஒரு முறை படித்தேன்.
அன்றிரவு ஜோலின் கேட்டார்:
எதாவது மாறியிருக்கிறதா?
இல்லை என்றேன். உண்மைதான்.

விழா முடிந்து,
குழல்களை மரப்பெட்டியில் அடுக்கி ஆணியடித்த இரவு
ப்ரோமனாடில் கடைசி ரயில்.
இத்தனை மீட்டர் மண்ணுக்கடியில்
மியூவான் குறைவாகத்தான் வரும்.
குறைவாக. வராமல் இல்லை.
மடியில் உள்ளங்கையை விரித்து வைத்தேன்.
எதிர் இருக்கைக்காரர்
நான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து
போனைப் பார்க்கத் தொடங்கினார்.