ஆறில் நான்கு

"எந்த மாதிரித் துப்பாக்கி?" என்றார்
கிளார்க்ஸ்வில் போலீஸ்காரர்.
கறுப்பு என்றேன்.
ரிவால்வரா, பிஸ்டலா?
சின்னது என்றேன்.
விடைத்தாளில் பிழை கண்ட வாத்தியார் முகத்தோடு
எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு வருடமாய் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறேன்.
ஹைட்ராக்சிசினுக்கும் ஹைட்ராலசினுக்கும் நடுவே
சில எழுத்துகள், சில சமயம் ஓர் ஆள்.
பெயர் விஷயத்தில் கறாரானவள் என்று
கடையில் என் முதுகுக்குப் பின்னால் பேச்சு.
நெற்றிக்கு நேரே நீண்ட பொருளுக்கு
எனக்குப் பெயர் தெரியவில்லை.

அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன் என்பது பாதிப் பொய்.
தூக்கம் போய் நாலு மாதம்.

சனிக்கிழமை, எட்டு மணி நேரம்,
துப்பாக்கிக் கடையின் பின்னறை.
ரஸ்ஸல் ஹேக்லர் கையில் நீலப் பிளாஸ்டிக் மாதிரி,
மேசையில் ஒரு காலிக் காபி டப்பா.
"கிளிப் என்று சொன்னால் ஒரு டாலர்.
கிளிப் தலைமுடிக்கு. இதன் பெயர் மேகசின்."
எனக்கு மேகசின் என்றால் வெள்ளிக்கிழமை வரும்,
நடுப்பக்கத்தில் வத்தக்குழம்பு இருக்கும்.
புல்லட் என்பது முனை மட்டுமாம்,
முழுசும் சேர்ந்தால் கார்ட்ரிட்ஜாம்.
எல்லாமே குண்டு என்று வளர்ந்த நாக்கு என்னுடையது.
பல்பும் குண்டு, எதிர்வீட்டு ரமணியும் குண்டு.
மதியத்துக்குள் மூன்று டாலர் போயிற்று.

பக்கத்து நாற்காலியில் கிருபாகரன்.
மதுக்கடையில் இரவு வேலை, முதலாளி அனுப்பியிருந்தார்.
என் தாளைப் பார்த்து, தாழ்ந்த குரலில்,
"இது ரவை. இது ரவைக்கூடு.
சுட்ட பிறகு விழுறது கோது" என்றார்.
எங்கள் வீட்டில் ரவை என்றால் உப்புமா என்றேன்.
சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.
எங்கே படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
அந்த அளவுக்குத் தமிழ் தெரியும் எனக்கு.

ஐம்பது சுட வேண்டும்.
என்னுடையதில் முப்பத்தொன்பது கோட்டுக்குள்.
அவருடைய ஐம்பதையும் ஒரு கைக்குட்டையால் மூடலாம்.
ரஸ்ஸல் விசிலடித்தார்.
கிருபாகரன் ரவைக்கூட்டைக் கழற்றி,
வெறுமையை இரண்டு தரம் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து,
கீழே வைத்தார்.
சான்றிதழ் வாங்க அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள்.
பாதி கடித்த டோனட் இருந்தது, கார் இல்லை.

கைரேகை, புகைப்படம், நூறு டாலர்.
மூன்றாவது வாரம் அட்டை தபாலில் வந்தது.
பூங்கோதையில் ஓர் எழுத்து குறைவு.
அதற்கு யாரும் டப்பாவில் டாலர் போடவில்லை.

அன்றிரவு ரஸ்ஸலின் பாடத்தாளைப் புரட்டினேன்,
ஏழாம் பக்கம்.
ரிவால்வர், முன்பக்கத் தோற்றம்.
சிலிண்டர். அதில் ஆறு அறை.
நிரப்பியிருந்தால் முனைகள் முன்னாலிருந்தே தெரியும்.

என் வாய் உலர்ந்தது.

அவன் கை நடுங்கியது, ஞாபகம் இருக்கிறது.
தலைக்கு மேலே டியூப்லைட், அதுவும் ஞாபகம்.
குழலுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு,
நாலிலும் இருட்டு.
செம்பும் இல்லை, ஈயமும் இல்லை,
மாத்திரை எடுத்த அட்டை போல.

துப்பாக்கி கிடைக்கவேயில்லை,
கம்பர்லாண்ட் ஆற்றில் எறிந்துவிட்டானாம்.
"குண்டு போட்டிருந்ததா?" என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள்.
ஆமாம் என்றேன்.
பத்தொன்பது வயது, ப்ரைசன் டக்கெட்,
எட்டு வருடம்.

துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை.
அட்டை பர்ஸில், நூலக அட்டைக்கு அடியில்.
மூன்று மணிக்கு எழுந்து எண்ணுகிறேன்.
குழலுக்குப் பின்னே மறைந்தது ஒன்று,
கீழே சட்டம் மறைத்தது ஒன்று.
அந்த இரண்டும் எனக்குத் தெரியாது.
சரியான பெயர்
அறை.