முள் இறங்கும் நாள்

விடிகாலை நாலரைக்கு
அழுத்தமானியின் முள் இடப்பக்கம் சாய்ந்தது.
ஒஸ்ட்ராவா நகரத்துக்கு அது மழைச்செய்தி.
எனக்கு வேலை.

மேலே காற்றின் கனம் குறைந்தால்
கீழே மூடிக்கிடக்கும் சுரங்கங்கள் மூச்சு விடும்.
முப்பது வருஷமாய் ஆள் இறங்காத நடைவழிகளில்
கவிழ்ந்த வண்டிகளை, துருவை, ஒற்றைக் கையுறையைத்
தடவிக்கொண்டு ஏறி வரும் மீத்தேன்.
நிறமில்லை. வாசனையில்லை.
வழி மட்டும் தெரியும் அதற்கு:
விரிசல், பழைய சாக்கடைக் குழாய்,
யாரோ ஒருவர் வீட்டு நிலவறை.

இன்றைக்குப் பதினான்கு நிலவறைகள்.
ஏழாவது விளாஸ்தா ஹ்ருஷ்கோவாவுடையது.
உருளைக்கிழங்கு மூட்டை, ஜோடி இழந்த பனிச்சறுக்குக் கட்டை,
வருஷம் எழுதி ஒட்டிய பிளம் ஜாடிகள்.
கருவியின் மூக்கை உத்தரத்து இடுக்கில் நுழைத்தேன்.
லேசான வாயு, விட்டத்தைத்தான் தேடும்.
ஒன்று புள்ளி இரண்டு.
ஐந்தைத் தொட்டால் ஒரு பொறி போதும்.

"விளக்குப் போடாதீங்க."
"போடல. இந்த வீட்டில எப்பவும் யாராவது
இதைச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காங்க."
பிறகு, ஜன்னல் கொக்கியைத் தேடியபடியே கேட்டாள்:
"பழைய பேரேடுகள் உங்க ஆபீஸ்ல இருக்குமா?
ஐம்பத்தெட்டாம் வருஷம். போகுமீர் சுரங்கம். மூன்றாம் தளம்."

இருக்கிறது.
எனக்கு அது பக்கம் பக்கமாய்த் தெரியும்.

தீப்பிடித்த நடைவழியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.
சுவரில் ஒரு குழாய் விட்டார்கள்.
ஆறு மணிக்கொரு தரம் கண்ணாடிக் குப்பியில்
அந்தப் பக்கத்துக் காற்றைப் பிடித்து மேலே அனுப்பினார்கள்.
ஆய்வுக்கூடத்தில் ஒடாகர் பென்காவா,
கூரான பென்சில், சாய்ந்த எழுத்து.
ஆக்சிஜன் பதினேழு. பதினான்கு. பதினொன்று.
கார்பன் மோனாக்சைடு ஏறி, நின்று, இறங்கி.
தீ சாகிறது என்பதற்கு அந்தப் பத்திகளே சாட்சி.

சுவருக்குப் பின்னால் ஒன்பது பேர்.

தீயும் ஆக்சிஜனைத் தின்கிறது,
கரியமில வாயுவை விடுகிறது.
மனிதனும் அப்படித்தான்.
குப்பிக்கு வித்தியாசம் தெரியாது.

நான்காம் நாள், மாலை ஆறு மணிக் குப்பிக்கு எதிரே
பென்காவா ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
அப்புறம் அழித்திருக்கிறார்.
கரி போய்விட்டது. அழுத்தம் போகவில்லை.
தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அந்த எண்களை நான் என் ஆய்வில் பயன்படுத்தினேன்.
பதினேழாம் வரைபடம். வளைகோடு அழகாக வந்தது,
பாராட்டினார்கள்.
கேள்விக்குறியை எந்த அச்சில் குறிப்பது?

"உறவா?" என்றேன்.
"அப்பா. பம்ப்காரர். எனக்கு அப்ப நாலு மாசம்."

ஊருக்கு வெளியே இன்னும் ஒரு பம்ப் ஓடுகிறது,
ராப்பகலாய் உப்புநீரை இறைத்து ஆற்றில் கொட்டிக்கொண்டு.
அது நின்றால் சுரங்கங்களில் தண்ணீர் ஏறும்.
ஏறுகிற தண்ணீர்
மிச்சமுள்ள வாயுவையெல்லாம் வீடுகளுக்குள் தள்ளும்,
எந்த முள்ளுக்காகவும் காத்திராமல்.
மின்கட்டணம் அதிகம் என்கிறார்கள்.
வியாழக்கிழமை கூட்டம்.

பேரேடு இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்றேன்.
தாளைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்வேனா
என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கொக்கி கழன்று ஜன்னல் திறந்தது. ஈரக்காற்று.
ஒன்று புள்ளி ஒன்று. புள்ளி ஒன்பது.
ஒரு ஜாடியை எடுத்து என் கையில் வைத்தாள்.
"இத்தனை நாள் கீழே இருந்திருக்கு, கெட்டிருக்குமா?"
"மீத்தேனுக்கு ருசி கிடையாதுங்க."
"அப்ப சரி."

வெளியே தூறல்.
தெருமுனைக்கு அப்பால் கழிவுக்கரி மேடு
உள்ளுக்குள் எரிந்தபடி புகைவிட்டுக்கொண்டிருந்தது.
சுற்றிலும் நேற்றைய பனி.
மேட்டில் மட்டும் பச்சைப்புல்.

எட்டாவது வீட்டில் மணியடித்தேன்.
யாரும் கதவைத் திறக்கவில்லை.
திரும்ப அடிக்கக் கையை உயர்த்தியவள்
பொறி நினைவுக்கு வந்து
விரல் முட்டியால் தட்டினேன்.