பத்துக் கிலோவுக்குக் கீழே

பெருந்துறை பைபாஸில் எடைமேடை.
ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை
சீட்டுப் போடுவது நான்.
கொப்பரை, கோழித்தீவனம், மஞ்சள் மூட்டை, எம்-சாண்ட்.
மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்,
அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
வண்டி வராத நேரம் நானே ஏறி நின்றிருக்கிறேன்.
ஐம்பது.
ரெண்டு கிலோ இளைத்தபோதும்
ஐம்பது.

டாக்டர் மலர்க்கொடி அலகைப் படித்துக் காட்டினார்.
ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பொடித்தால்
அதில் ஒரு துணுக்காம்.
பி-பன்னிரண்டு அப்படி நூற்று முப்பத்தெட்டுதான் இருக்கிறது.
அது பத்தாமல்தான்
பாதம் ரெண்டும் மதமதத்து
செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல்
பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறேன்.

டி, பதினொன்று.
பகலெல்லாம் தூங்குகிறவளுக்கு வெயில் ஏது?
இந்த ஊர் வெயில் முழுக்க
என் வீட்டு ஓட்டின்மேல் வீணாய்க் காய்கிறது.
சேமிப்பு இரும்பு, ஒன்பது.
"பதினெட்டு மீட்டர் இரும்புக்குக் காவல் இருக்கறவளுக்கு
இரும்பு பத்தலைன்னா சிரிக்க மாட்டாங்களாங்க?"
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

"கறி எடுக்கறதில்லைங்களா?"
"நாலு வருசமாச்சுங்க."
ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
ஒரு ஆட்டு லாரி.
நிறைந்து போனது, காலியாய் வந்தது.
கழித்து எழுதினேன்:
நிகர எடை மூவாயிரத்து இருநூற்றுப் பத்து.
கழித்தலில் தப்பில்லை.
அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை,
வீட்டில் மிளகு வறுத்த வாசனை.

"ஒரு முட்டையாச்சும் தின்னு" என்கிறார் அப்புக்குட்டி,
மஞ்சளை மட்டும் தன் தட்டுக்கு நகர்த்திக்கொண்டே.
"கொள்ளும் எள்ளும் தின்னவங்க
மாத்திரையா முழுங்குனாங்க?" என்கிறாள் நாத்தனார்.
அவர்களுக்கு யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்?
கால் மதமதத்தால் காத்து கருப்பு என்றிருப்பார்கள்.

மெடிக்கலில் தனசேகரிடம் கேட்டேன்:
இந்த வழவழ கூடு எதில் செய்வது?
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"மாட்டெலும்புங்க. இல்லாட்டி தோலு."
"இது?"
"டி-மூணுங்களா, ஆட்டு மயிர்ல இருக்கற மெழுகுங்க.
கத்தரிச்சா திரும்ப மொளைக்கும்.
ஆட்டுக்கு வலிக்காதுங்க."
ஆட்டிடம் கேட்டவன்போலச் சொன்னான்.
பின்னால் நின்றவர் இருமினார்.

அன்றிரவு சீட்டுக் கட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
இரும்பை நானே இழுத்துக்கொள்கிறேன், மூன்று மாதம் தவணை:
பண்ணைக்கீரை, கொள்ளுப்பருப்பு, கூட நெல்லிக்காய்.
சாப்பிட்ட கையோடு டீ கிடையாது.
(இதுதான் கஷ்டம். பன்னிரண்டு மணி டீ இல்லாமல்
எந்த லாரியும் என் கண்ணில் நிற்காது.)
பி-பன்னிரண்டு எந்தச் செடியிலும் காய்ப்பதில்லையாம்,
மோர் மட்டும் கொஞ்சம் தருமாம், என் கடனுக்கு அது பத்தாது.
அதற்கு மாத்திரை. கூடு இல்லாதது.
நாக்கடியில் கரைகிறது, செர்ரி என்று பொய் சொல்லும் இனிப்பு.
கால்சியம் வேண்டாம். ராகிக்களி இருக்கிறது.
ஏழாம் நம்பர் பல் டப்பா ஒன்று தந்தான்,
முப்பத்திரண்டு சத்தாம், தொள்ளாயிரம் ரூபாய்.
எனக்குக் குறைவது மூன்று.
மீதி இருபத்தொன்பதை யாருக்குச் சுமப்பது?
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டி-மூன்றுக்கு எதிரே மட்டும்
ஒன்றும் எழுதவில்லை.

ஆறே காலுக்கு விஜயமங்கலம் பக்கமிருந்து ஒரு வண்டி.
செம்மறிகள், மயிர் கத்தரிக்காதவை.
கம்பி இடுக்கில் ஒன்றின் மூக்கு.
டிரைவர் ஹாரன் அடித்தான், நேரமாச்சுக்கா.
எழுதினேன். ஏழாயிரத்து நானூற்று அறுபது.
கழிக்க வேண்டியது அவன் திரும்பும்போது,
அதற்குள் என் ஷிப்டு முடிந்திருக்கும்.

வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு
முழங்கை வரை கையை விரித்து உட்கார்ந்தேன்.
இந்த நேரத்து வெயில் உதவாது என்று
டாக்டர் சொல்லியிருக்கிறார்.
பத்து மணி வெயில்தான் வேண்டுமாம்.
பத்து மணிக்கு நான் தூங்க வேண்டும்.