மீதி எங்கே

குழித்துறையில் மூன்று நாள் பயிற்சி.
சிறுதொழில்காரர்கள் நாற்பத்திரண்டு பேர்.
வாசலில் பிளாஸ்டிக் பேனர்,
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்,
தலைப்பு: சுற்றுச்சூழல் காக்கும் கைப்பேசி.
யாரும் சிரிக்கவில்லை.
மத்தியானம் மீன் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் கருங்கல் ஹெலன் பேபி.
அண்டியாபீசில் பதினெட்டு வருடம் கொட்டை தல்லியவள்.
இப்போது எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள்.
விரலை வைத்தாள்.
ரேகை பொருந்தவில்லை என்றது திரை.
துடைத்து மறுபடி வைத்தாள்.
பொருந்தவில்லை.
‘நான்தாம் பிள்ளே’ என்றாள் அதனிடம்.

குளச்சல் ஐஸ் ஆலைக்காரருக்கு
ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவு திறந்து கிடப்பதை
மின்சாரக் கோடு ஒன்று மலைபோல் ஏறிக் காட்டியது.
அவர் உடனே எழுந்து வெளியே போய்
யாருக்கோ போனில் கெட்ட வார்த்தை சொன்னார்.

எனக்கு மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
ஏத்தங்காய் சிப்ஸ்.
குலை எத்தனை, தொலி எத்தனை கிலோ என்று கேட்டது.
தொலி ஆட்டுக்காரிக்கு என்று எழுதினேன்.
அது உண்மை.
ஒரு பச்சை இலை முளைத்தது.
எண்ணெய் வரவு முப்பது லிட்டர்.
சிப்ஸ் குடித்தது பத்தொன்பது.
சிவப்பு எழுத்தில்
மீதி எங்கே?

வரி ஆபீசில் கேட்டதில்லை.
சுகாதார ஆய்வாளர் ஒரு பாக்கெட் வாங்கிப் போவார், கேட்டதில்லை.
பாவசங்கீர்த்தனக் கூட்டில் அச்சன்கூடக்
கேட்டதில்லை.

சோப்பு கம்பெனி என்று தட்டினேன்.
ரெண்டாவது இலை.
பயிற்சி தந்த அபிஷின் எல்லாரையும்
எனக்காகக் கைதட்டச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வருகிற
கேன்காரர் தங்கமோனியை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
லிட்டர் முப்பத்தெட்டு ரூபாய்,
எங்கே போகிறது என்று நான் கேட்பதில்லை,
எத்தனை தடவை காய்ந்தது என்று அவர் கேட்பதில்லை.
அடியில் கிடக்கிற கறுத்த மண்டியைக்
கடைப்பையன் சானலில் கவிழ்த்துவிட்டு
சட்டியைச் சானலிலேயே கழுவிக்கொண்டு வருவான்.

மூன்று வாரம்.
இலைகள் ஒரு மரமாகிவிட்டன.
சான்றிதழ் தராசுக்கு மேலே தொங்குகிறது.
காலிப் பிரீசரை அணைத்ததில் கரண்ட் பில்
அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் குறைந்தது.
அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சாயங்காலம் வெட்டுவெந்நியில் மழை.
நானும் ஹெலன் பேபியும் தட்டுக்கடைக்குள் ஒதுங்கினோம்.
உளுந்து வடை, சாயா.
கடித்தேன்.
மஞ்சள்.
அதற்கு அடியில் கரிந்த காயின் இனிப்பு,
உப்புத்தண்ணி தெளிக்கிற எனக்க கை.
வடைக்குள் இருந்தேன் நான்.
‘ருசி உண்டு, இல்லியா’ என்று
இன்னொன்றை என் இலைத்துண்டில் வைத்தாள்.
காசும் அவள்தான் கொடுத்தாள்.

ராத்திரி பழைய பதிவுகளைத் திறந்தேன்.
இருபத்துநான்கு மணிநேரம் கடந்தவற்றைத்
திருத்த இயலாது.
மரம் அப்படியே நின்றது, ஒரு இலை உதிராமல்.
அன்றைய பக்கத்தில்
‘மற்றவை’ என்ற கட்டத்தைத் தொட்டு
எழுதினேன்:
வெட்டுவெந்நி. வடை. ஹெலன் பேபி.
புரியவில்லை,
லிட்டரில் எழுதவும் என்றது.

பதினொன்று.

பயோடீசல் வண்டி செவ்வாய்க்கிழமை வரும்.
அவர்கள் தருவது இருபத்தாறு.
பதினொன்றைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.
அந்தக் கணக்கைக் கைப்பேசி கேட்கவில்லை,
நானாகத்தான் போட்டேன்.
மண்டிக்கு ஒரு பழைய பெயின்ட் வாளி.
அதை எடுக்க யார் வருவார்கள் என்று
இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை.
பாதி இறக்கிய ஷட்டரில் தங்கமோனி தட்டுகிறார்.
கேன் என் காலடியில், மூடி இறுக்கி.
‘எண்ணெய் இல்லை அண்ணே’ என்கிறேன்.
இதுவும் பொய்தான்.
இதற்கு இலை கிடையாது.